அன்னாள் சத்தியநாதன்

அன்னாள் சத்தியநாதன் (1832 - 1878) சென்னையில் பெண் கல்விக்காக உழைத்த தமிழ்க் கிறித்தவப் பெண்மணி ஆவார். தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கத் திருச்சபைத் தொண்டர் சங்கத்தின் (சி.எம்.எஸ்.) முதல் இந்தியக் குருவான ஜான் தேவசகாயத்தின் மகள். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயப் போதகர் வில்லியம் தாமஸ் சத்தியநாதனின் மனைவி. குழந்தை வளர்ப்பு குறித்துத் தமிழில் நூல் எழுதியவர். இவர் வழிவந்த குடும்பத்திலிருந்து பேராசிரியர்களும் நாவலாசிரியர்களும் பேராயர் ஒருவரும் தோன்றினர்.

பிறந்த குடும்பம்

ஸ்ரீவைகுண்டத்திற்குத் தெற்கே, தாமிரபரணிப் பாசன வயல்கள் முடிந்து பனைகள் அடர்ந்த செம்மணல் தேரி தொடங்கும் பகுதியில், நாசரேத், மெஞ்ஞானபுரம், முதலூர், கடாட்சபுரம் எனப் பல கிறித்தவ ஊர்கள் உருவாயின. இவை இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் அடங்கியிருந்தன. இவற்றுள் கடாட்சபுரமே அன்னாள் வளர்ந்த ஊர்.

தந்தை ஜான் தேவசகாயம் தரங்கம்பாடி மிஷனில் கல்வி கற்றவர். மாயவரத்தில் பள்ளிகளை மேற்பார்வை செய்தவர். 1830 இல் உதவிக்குருவாகவும் 1836 இல் குருவாகவும் பட்டம் பெற்றார். கடாட்சபுரத்தில் பல ஆண்டுகள் சபையை நடத்தி 1864 இல் இறந்தார். வெள்ளைக்கார மிஷனரிகள் தலைமை வகித்த காலத்தில் ஒரு தமிழரின் பொறுப்பில் விடப்பட்ட சபை என்பதால் கடாட்சபுரத்திற்குத் திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றில் தனி இடம் உண்டு.

போதகர் வீட்டை ஒட்டிப் பெண்பிள்ளைகளுக்கான தங்கும் பள்ளி ஒன்று இருப்பது அக்காலத் திருநெல்வேலி மிஷனின் வழக்கம். அதை நடத்தும் பொறுப்பு போதகரின் மனைவியைச் சேர்ந்தது. இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்ததும் இவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. இவ்வுழைப்புக்குப் பெரும்பாலும் ஊதியமும் இல்லை, பதவிப் பெயரும் இல்லை. மிஷன் அறிக்கைகளில் கணவர் பெயரின் கீழ் ஓரிரு வரிகளில் அது முடிந்துவிடும். கடாட்சபுரத்திலும் அத்தகைய பள்ளி இருந்தது. அன்னாள் தாய் தந்தையரிடம் கற்று, பின் அங்கேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் தொடங்கினார். பிற்காலத்தில் சென்னையில் அவர் செய்த பணிக்கு இதுவே பயிற்சிக்களம் எனலாம்.

திருமணம்

வில்லியம் தாமஸ் சத்தியநாதன் (1830 - 1892) திருநெல்வேலியை அடுத்த சிந்துபூந்துறையைச் சேர்ந்த இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பாளையங்கோட்டை மிஷன் ஆங்கிலப் பள்ளியில் கண்பார்வையற்ற ஆசிரியரான குருக்ஷாங்ஸ் என்பவரிடம் பயின்று, 1847 இல் திருமுழுக்குப் பெற்றார். 1849 இல் அன்னாளை மணந்தார். மணமகன் சபைக்குப் புதியவர். மணமகளோ பிறப்பிலிருந்தே சபை வாழ்வை அறிந்தவர். கணவர் குருப்பட்டம் பெற்ற பின், 1860களின் தொடக்கத்தில் இருவரும் சென்னைக்கு வந்து சிந்தாதிரிப்பேட்டையில் தங்கினர்.

சென்னைப் பணி

சிந்தாதிரிப்பேட்டை 1734 இல் நெசவாளர்களுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த குடியிருப்பு. சின்னத் தறிப்பேட்டை என்பதே இவ்வாறு மருவியது. அன்னாள் வந்த காலத்தில் பல சாதியினரும் வாழ்ந்த நகர்ப்பகுதியாக அது மாறியிருந்தது. பனைத்தொழிலாளர் ஊரில் வளர்ந்த இவருக்கு இங்கிருந்த சிக்கல் வேறு வகையானது. கடாட்சபுரத்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கிப் படித்தனர். சென்னை உயர்சாதிக் குடும்பங்களிலோ சிறுமியரைப் பள்ளிக்கு அனுப்புவதே அரிது. அனுப்பினாலும் பூப்பெய்தும் வயது நெருங்கியதும் படிப்பு நின்றுவிடும்; பலருக்கு அதற்கு முன்பே திருமணமும் முடிந்திருக்கும். இதனால் பள்ளி நடத்துவதோடு வீடுவீடாகச் செல்லவும் வேண்டியிருந்தது. இம்முறைக்கு 'ஜெனானா' பணி என்று பெயர். இது வட இந்திய முஸ்லிம் இல்லங்களின் பெண்கள் பகுதியைக் குறிக்கும் சொல். தமிழ் வீடுகளில் அப்படியொரு தனிக்கட்டு பொதுவாக இல்லையென்றாலும் மிஷன் வழக்கில் இப்பெயரே நிலைத்துவிட்டது.

ஐரோப்பியப் பெண்மணிகள் இப்பணியில் ஈடுபட்டபோது மொழி பெருந்தடையாக இருந்தது; அன்னியர் வீட்டினுள் நுழைவதால் தீட்டு என்னும் எண்ணமும் இருந்தது. அன்னாளுக்கு முதல் தடை இல்லை. மாமியார், நாத்தனார், இளம் விதவை என ஒரு வீட்டில் யார் யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதும் இவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுத்து, வாசிப்பு, தையல் ஆகியவற்றோடு வேதாகமமும் கற்பிக்கப்பட்டது. சிறுமியருக்கான பகல் பள்ளிகளையும் இவர் தொடங்கினார். தமது அனுபவங்களைச் சென்னை ஜெனானா பணி பற்றிய சிறு நூலாக ஆங்கிலத்தில் எழுதினார்.

இப்பணியில் அடிப்படையான ஒரு முரண் இருந்ததையும் குறிப்பிட வேண்டும். பெற்றோர் விரும்பியது படிப்பை. நடத்தியவர்கள் விரும்பியது படிப்பையும் மதமாற்றத்தையும். மாணவி ஒருத்தி திருமுழுக்குப் பெறப்போகிறாள் என்ற பேச்சு எழுந்தாலே பள்ளிகள் காலியாவது அக்காலச் சென்னையில் வழக்கம். அன்னாளின் நோக்கமும் சமயம் சார்ந்ததே. அதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் கிறித்தவராகாத பெண்கள் பலரும் எழுதப்படிக்கக் கற்றுக்கொண்டதே இப்பணியின் பரவலான பயன்.

நூல்

'நல்ல தாய்' எனப் பொருள்படும் தலைப்பில் தமிழில் இவர் எழுதிய சிறு நூல், பிள்ளைகளை வளர்க்கும் முறை குறித்துத் தாய்மாருக்கு அறிவுரை கூறுவது. 1858 இல் நிறுவப்பட்ட கிறித்தவத் தாய்மொழிக் கல்விச் சங்கம் அதனை வெளியிட்டது. பெண்களுக்கான அறிவுரை நூல்களை ஆண்களே எழுதிவந்த காலத்தில், பிள்ளை பெற்று வளர்த்த தமிழ்ப் பெண் ஒருவர் பிற தாய்மாருக்காக எழுதினார் என்பதாலேயே இது கவனத்திற்குரியது. இந்நூலின் செல்வாக்கு அவர் வீட்டுக்குள்ளேயே தெளிவாகத் தெரிந்தது எனலாம்.

இறுதிக்காலம்

1878 இல் கணவருடன் இங்கிலாந்து சென்றார். ஊர் திரும்பிய சிறிது காலத்தில், அதே ஆண்டிலேயே இறந்தார். அப்போது இவருக்கு வயது 46. கணவர் அதன்பின் 14 ஆண்டுகள் வாழ்ந்தார்.

வழித்தோன்றல்கள்

மகன் சாமுவேல் சத்தியநாதன் (1861 - 1906) கேம்பிரிட்ஜில் பயின்று, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். சென்னை மாகாணக் கல்வி வரலாறு குறித்த அவருடைய ஆங்கில நூல் 1894 இல் வெளிவந்தது. அவருடைய முதல் மனைவி கிருபாபாய் (1862 - 1894) அகமதுநகரில் பிறந்த மராத்தியர். 1878 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது சத்தியநாதன் குடும்பத்தாருடன் தங்கியிருந்தார். உடல்நலக் குறைவால் படிப்பைக் கைவிட்ட அவர், சகுணா, கமலா ஆகிய நாவல்களை ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் அவர் ஒருவர். சாமுவேல் இரண்டாவதாக மணந்த கமலா 1901 இல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழைத் தொடங்கினார். ரொக்கேயா உசைனின் புகழ்பெற்ற 'சுல்தானாவின் கனவு' 1905 இல் அவ்விதழில்தான் முதலில் வெளிவந்தது. அன்னாள் இம்மருமகளைப் பார்த்ததில்லை; எனினும் படித்த பெண் வெளியே வந்து பணியாற்றுவதைக் குறையாகக் கருதாத வீட்டிற்கே அவர் வந்து சேர்ந்தார்.

அன்னாளின் மகள் ஒருவரை மணந்த டபிள்யூ. டி. கிளார்க், மாமனாருக்குப் பின் சீயோன் ஆலயப் போதகரானார். அக்குடும்பத்தில் வந்த சுந்தர் கிளார்க் 1974 முதல் 1989 வரை தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக இருந்தார். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தாவும் எழுத்தாளரே. தம் தாயின் வாழ்க்கை வரலாற்றை 1956 இல் வெளியிட்டார். குடும்பத்தாரின் எழுத்துகளை யூனிஸ் டி சூசா தொகுக்க, சாகித்திய அகாதமி 2005 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது.