கவாத்து செய்யும் கரம்
பாஸ்கா காலம் 5ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
நற்செய்தி: யோவான் 15:1-8



2023இல் புவிசார் குறியீடு பெற்றது கம்பம் பன்னீர் திராட்சை. நம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அது கிடைக்கும். ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கும்போதே இன்னொன்றில் கவாத்து நடக்கிறது. கவாத்து முடிந்த பந்தல் பட்டுப்போனதுபோல் தெரியும். வெட்டுவாயில் நீர் சொட்டும். ஆனால் அதன்பின் துளிர்க்கும் புதுத் தளிரில்தான் பூ வரும். ஏறக்குறைய நான்கு மாதத்தில் பந்தல் நிறையப் பழம் தொங்கும்.

இன்றைய நற்செய்தியில் இயேசு தம்மைத் திராட்சைச் செடியாகவும் தந்தையைத் தோட்டக்காரராகவும் காட்டுகிறார். கனி கொடாத கொடியைத் தந்தை தறிக்கிறார்; கனி தரும் கொடியைக் கழித்துவிடுகிறார். இரண்டும் வெட்டுத்தான், நோக்கம் வேறு. தறித்த கொடி செடியை விட்டுப் போகிறது. கழித்த கொடி செடியிலேயே இருக்கிறது.

"தவறாமல் திருப்பலிக்கு வருகிறேன், எனக்கு ஏன் இந்தச் சோதனை?" என்று கேட்கிறோம். எல்லாத் துன்பமும் இறைவன் அனுப்புவதல்ல. ஆனால் துன்பம் வந்ததாலேயே அவர் நம்மைக் கைவிட்டார் என்று எண்ண வேண்டாம். வெட்டுப்பட்ட கொடி செய்ய வேண்டியது ஒன்றே: செடியில் நிலைத்திருப்பது. செபத்திலும் இறைவார்த்தையிலும் நற்கருணையிலும் இயேசுவோடு இணைந்திருப்போம்.

சிந்தனைக்கு: மிகுந்த கனி தர, என்னில் கழிக்கப்பட வேண்டியது எது?