தொண்டைமான் வேலும் வண்டலூர் மோட்டாரும்

ஔவையார் தூது போன கதை நம்மில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தகடூர் அதியமானுக்கும் காஞ்சித் தொண்டைமானுக்கும் மனஸ்தாபம் முற்றியிருந்த சமயம். தூது வந்த கிழவிக்குத் தன் பலத்தைக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்த தொண்டைமான், தன் ஆயுதசாலைக்கு அவரை அழைத்துக்கொண்டு போனான். வேல்கள் எல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று கட்டுக்காவலுக்குள் நின்றன. ஔவை பார்த்தார், பாடினார். புறநானூற்றில் 95ஆம் பாட்டு அது. உங்கள் ஆயுதங்கள் அழகாகத்தான் இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் சாரம். புகழ்வதுபோல் இதைவிட அழகாக ஒருவரை இகழ முடியாது.

அந்த அதியமானின் பெயரைத் தாங்கிய அதியமான்கோட்டை, தருமபுரியிலிருந்து சேலம் போகும் சாலையில், ஒரு வாய் வெற்றிலை போட்டு மெல்லுவதற்குள் வந்துவிடுகிற ஊர். கோட்டையைத் தேடிப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் பெயர்தான் அகப்படும். என் அக்காவைக் கொடுத்திருப்பது அந்த ஊரில். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு மாட்டுக்கொட்டகை உண்டு. மாடுகள் போய் வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது அங்கே ஒரு மோட்டார் கார், கதவுகளைக் கழற்றிய நிலையில், செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓசூரில் வேலை பார்க்கும் என் மருமகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து அதற்கு வைத்தியம் பார்க்கிறான். போன வருஷம் நான் அங்கே தங்கியிருந்த நாட்களில், எழுதுகிற வேலையை விட்டுவிட்டு அந்தக் கொட்டகையில்தான் பாதிப் பொழுதைக் கழித்தேன்.

கார் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அவனுடைய தாத்தா புளி மண்டி வைத்திருந்தவர், அவர் வாங்கியது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்பாஸடரைத் தெரியும், ஃபியட்டைக் கேள்விப்பட்டிருப்பார்கள். மூன்றாவதாக, சென்னைக்குப் பக்கத்திலேயே வண்டலூரில் ஒரு கார் தயாரானது என்றால் நம்புவதில்லை. 1948இல் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை அது. முதலில் வான்கார்டு வந்தது. பிறகு எட்டு, பத்து, பென்னன்ட் என்று வந்தன. 1961இல் ஹெரால்டு வந்தது. வெளிநாட்டிலிருந்து உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்பதோடு நிற்கக்கூடாது, இங்கேயே உற்பத்தி செய்கிற திட்டம் வேண்டும் என்று 1953இல் சர்க்கார் கண்டிப்பாகச் சொன்னபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிவிட்டன. தங்கிய சில கம்பெனிகளில் வண்டலூரும் ஒன்று. 1980களின் இறுதியில் அங்கே கார் உற்பத்தி நின்றது.

வண்டலூர் தொண்டை நாட்டில் இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொண்டைமான் சீமையில் செய்த வண்டி அதியமான் ஊர்ப் பட்டறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

ஹெரால்டின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. 1959இல் அது இங்கிலாந்தில் வெளிவந்தது. மற்றக் கார்களைப் போல ஒரே கூடாக இல்லாமல், கீழே தனியாக ஒரு சட்டம், அதன்மேல் துண்டு துண்டாக முடுக்கிய உடல் என்று அதை அமைத்தார்கள். இதற்குக் காரணம் கலையல்ல, கஷ்டம்தான். அவர்களுக்கு உடல் செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனியொன்று 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே சின்னச் சின்ன இடங்களில் செய்து வாங்கிப் பொருத்தக்கூடிய மாதிரி யோசிக்க வேண்டியதாயிற்று. இங்கிலாந்துக் கம்பெனிக்காரர்களின் அந்தச் சங்கடம் இன்று என் மருமகனுக்கு வரமாகியிருக்கிறது. முன்பக்கம் முழுவதும் முதலை வாய் திறப்பதுபோல் முன்னோக்கிச் சாயும். கூரையைக்கூட மறை கழற்றித் தூக்கிவிடலாம். மாட்டுக்கொட்டகையில் இரண்டு ஆளும் ஒரு பெட்டி ஸ்பேனரும் இருந்தால் போதும்.

வர்ணத்தின் சரித்திரம் இதைவிட வேடிக்கையானது. மோட்டார் வருவதற்கு முன் சாரட்டு வண்டிகளுக்கு எண்ணெய் வர்ணத்தையும் வார்னிஷையும் தூரிகையால்தான் பூசினார்கள். ஒரு பூச்சு காய்ந்து, தேய்த்து, மறு பூச்சு என்று வாரக்கணக்கில் ஆகும். சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்ஸன் கம்பெனி வண்டி கட்டிப் பெயர் வாங்கியது அந்த முறையில்தான். 1903இல் அவர்கள் நீராவி மோட்டார் ஒன்றைச் செய்து ஓட்டியபோதும் வர்ணக்காரனின் தூரிகை மாறிவிடவில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு 1914 முதல் 1925 வரை தம் 'டி' மாடலைக் கறுப்பு ஒன்றிலேயே விற்றார். கார்கள் மளமளவென்று வெளியே வந்துகொண்டிருக்க, வர்ணம் காய்வதற்காக அவற்றைக் கொட்டகை கொட்டகையாக நிறுத்திவைத்துக் காத்திருக்க யாரால் முடியும்?

அந்தக் காத்திருப்பை ஒழித்தது யார் என்றால், வெடிமருந்துக் கம்பெனிக்காரர்கள். பருத்திப் பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் நனைத்தால் அது வெடிபஞ்சாகிவிடும். 1846இலேயே கண்டுபிடித்த விஷயம். முதல் உலக யுத்தம் முடிந்தபின் டூபான்ட் கம்பெனியார் இந்தச் சரக்கைக் கொண்டு ஒரு வர்ணம் செய்தார்கள். தின்னர் ஆவியாகப் பறந்ததும் நிமிஷக் கணக்கில் காய்ந்துவிடும். துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் தெளிக்கலாம். 1923இல் அதற்கு 'டியூகோ' என்று பெயர் வைத்தார்கள். ஓக்லண்டு என்ற கார் நீல நிறத்தில் அதைப் பூசிக்கொண்டு கடைவீதிக்கு வந்தது. கம்பெனி வைத்த அந்தப் பெயர் நம் ஊர்ப் பட்டறைகளில் தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. எந்தக் கம்பெனி வர்ணத்தை அடித்தாலும் நமக்கு அது 'டியூகோ பெயிண்டிங்'தான்.

காரின் உள்ளே போனால் இன்னொரு ஆச்சரியம். ஆசனங்களுக்குப் போர்த்தும் ரெக்சினும் இங்கிலாந்தில் ஒரு கம்பெனி வைத்த பெயர்தான். அசல் ரெக்சின் என்பது துணியின்மேல் இதே வெடிபஞ்சைக் கற்பூரத் தைலமும் நிறமும் கலந்து பூசி, தோல்போல வரிகள் அழுத்தியது. பிளாஸ்டிக் பூசிய துணி வந்தது பிற்பாடு. ஆக, ஒரு காலத்து மோட்டாரில் ஏறிய மனிதர் வெளியே பார்த்தாலும் பீரங்கி மருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். உட்கார்ந்தாலும் அதன் சகோதரன்!

எங்கள் ஹெரால்டின் பின் ஆசனம் பரிதாபமாக இருந்தது. மண்டிக்காரர் அதில் மனிதர்களைவிடப் புளிக்கூடைகளைத்தான் அதிகம் ஏற்றியிருக்கிறார். ரெக்சின் கிழிந்து, உள்ளிருந்த தேங்காய் நாரில் புளியின் கறை ஏறி, ஸ்பிரிங் கம்பிகள் துருப்பிடித்துக் கிடந்தன. குஷன் வேலைக்காரர் தருமபுரியிலிருந்து வந்தார். பழைய உறையைக் கிழித்து எறியவில்லை. ஒவ்வொரு தையலாகப் பிரித்து, துண்டுகளுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, புது ரெக்சினின்மேல் வைத்து அளவெடுத்தார். நாருக்குள் இரண்டு நயா பைசாவும் ஒரு பாக்குவெட்டியும் இருந்தன. அக்கா பாக்குவெட்டியைப் பார்த்ததும், "மாமனாருது! இதைக் காணோமுன்னு வீட்ல எல்லாரையும் வஞ்சாரு" என்றாள்.

தகராறு வர்ணத்தில்தான் வந்தது.

வெளிப்பார்வைக்கு வண்டி வெள்ளை. மருமகன் கதவோரத்தில் எட்டணா அகலத்துக்கு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தான். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கும். உலர்ந்த தூசாகக் கிளப்பி மூச்சில் வாங்கக்கூடாது என்பது அவன் கட்சி. அந்த ஆக்கினை சரிதான். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே காவி நிறப் பிரைமர், அதற்கும் கீழே மங்கலான ஆகாய நீலம் என்று, வெட்டிய மரத்தில் தெரியும் வளையம்போல் தெரிந்தது. டாஷ்போர்டுக்குப் பின்னால், எந்தப் பெயிண்டரின் துப்பாக்கியும் எட்டாத மூலையில், அதே நீலம் இளமையோடு இருந்தது. வண்டலூரிலிருந்து வந்த நிறம் அது.

பெயிண்டர் பாய் அனுபவசாலி. "எல்லாத்தையும் மணல் வீசி எடுத்துடலாங்க தம்பி. தகரம் வெள்ளி மாதிரி வந்துரும். பி.யு. பெயிண்ட் அடிச்சா கண்ணாடி தோத்துப்போகும்" என்றார்.

மணல் வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. காற்றின் வேகத்தில் மணலை அடித்துச் சுத்தம் செய்கிற இந்த முறையைக் கும்பாபிஷேகத் திருப்பணி என்ற பெயரில் நம் கோயில் கற்களிலும் பிரயோகித்தார்கள் அல்லவா? அழுக்கோடு சிற்பத்தின் நகமும் கண்ணும் கல்வெட்டின் எழுத்தும் போயின. பின்னால் அதற்குத் தடை வந்தது. எழுத்து திரும்பி வரவில்லை.

அதியமான்கோட்டையிலேயே சென்றாயப் பெருமாள் கோயில் இருக்கிறது. மண்டபத்தின் விதானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் இராமாயணமும் பாரதமும் வர்ணத்தில் விரியும். பல இடங்களில் மங்கியும் உதிர்ந்தும் போயிருக்கின்றன. இருந்தாலும் எவரும் புது டப்பாவைத் திறந்து அவற்றின்மேல் பூசிவிடவில்லையே என்று நான் ஒவ்வொரு முறையும் நிம்மதிப் பெருமூச்சு விடுவதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலிலோ நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் இருப்பதை 1931இல் கோவிந்தசாமி என்ற பேராசிரியர் கண்டார். பிற்காலத்தில் தொல்லியல் துறையார் மேல் அடுக்கை அழிக்காமலே பெயர்த்தெடுத்துத் தனியே காப்பாற்றி, கீழ் அடுக்கையும் வெளிக்கொணர்ந்தார்கள். ஹெரால்டுக்கு அவ்வளவு பெரிய உபசாரம் வேண்டாம்தான். ஆனால் அந்தப் பச்சை எந்த வருஷம் அடித்தது, ஏன் அடித்தது என்று கேட்டால், "எங்க கல்யாணத்துக்கு அடிச்சது" என்று அக்கா பதில் சொல்லுகிறாள். அதை எப்படி மணல் வீசி எடுப்பது?

கடைசியில் சமரசமாயிற்று. துரு ஏறிய இடங்களில் மட்டும் தகரம்வரை போனார்கள். மற்ற இடங்களில் பழைய வர்ணத்தை உறுதியாக இருக்கும்வரை தேய்த்து, பட்டி வைத்து, பிரைமர் அடித்தார்கள். மேலே என்.சி. பெயிண்ட், அதே ஆகாய நீலம். பி.யு. வர்ணத்தின் பளபளப்பு இதற்கு வராது. ஆனால் அதில் கலக்கும் கெட்டிப்படுத்தும் திராவகத்தின் புகை நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதைத் தெளிக்கக்கூடாது. பாய் முப்பது வருஷமாக மூக்கில் கட்டிக்கொண்டிருப்பது ஒரு கைக்குட்டை. என்.சி.யும் சாதுவல்ல; சட்டென்று நெருப்புப் பிடிக்கும். அதனால் அடுப்பங்கரையை அன்று மூடிவிட்டு எல்லோரும் ஓட்டல் இட்லி சாப்பிட்டோம். தூசு அடங்கத் தரையில் தண்ணீர் தெளித்தார்கள். முதல் ஞாயிறு வானம் மூட்டமாக இருந்தது; ஈரக் காற்றில் அடித்தால் வர்ணம் வெளுத்துப் பூத்துவிடும் என்று பாய் துப்பாக்கியை எடுக்கவே மறுத்துவிட்டார். அடுத்த வாரம் நல்ல வெயில். ஏழு கோட். கதவின் உள் விளிம்பில் மட்டும் நான்கு அங்குலத்தை மறைத்துக் கட்டி, வெள்ளை, பச்சை, நீலம் மூன்றும் தெரிகிற மாதிரி அப்படியே விடச் சொன்னான் மருமகன். பாய்க்கு அது மகா அவமானம். "பார்க்கிறவங்க பெயிண்டர் வேலையை முடிக்காம ஓடிட்டான்னு சொல்லுவாங்க" என்று கடைசிவரை முணுமுணுத்தார்.

வர்ணம் முடிந்தபின் காகிதப் பிரச்சினை வந்தது. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்திருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் கட்டினால் எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு பத்து வருஷத்துக்குப் புராதன வண்டி என்ற அந்தஸ்து கிடைக்கும். சட்டத்தையும் உடலையும் என்ஜினையும் மாற்றியிருக்கக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் கொண்டுபோகலாம். அன்றாடக் காரியங்களுக்கு ஓட்டக்கூடாது. அந்தஸ்து வேண்டாமென்றால், சாதாரண வண்டியாகவே ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போக வேண்டும்.

மருமகன் இரண்டு மனுக்களையும் திண்ணையில் வைத்துக்கொண்டு, "மாமா, எதைப் போடலாம்?" என்று என்னைக் கேட்டான். எனக்கு மயிற்பீலி கட்டிய வேல்கள் கண்ணில் வந்து நின்றன; ஔவையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்யலாமென்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அக்கா முறத்தோடு வெளியே வந்தாள்.

"அந்த வண்டியில சந்தைக்குப் போலாமாடா, கூடாதா?"

"முதல் மனு போட்டா கூடாதும்மா."

"அப்புறம் எதுக்கு அது?" என்று கேட்டுவிட்டு அவள் புளி உடைக்கப் போய்விட்டாள்.

சாதாரணப் பதிவுக்குத்தான் மனுப் போட்டிருக்கிறான். வருகிற வாரம் தருமபுரிக்கு எஃப்.சி. காட்ட ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பிரேக் சரியாகிவிட்டது. ஹார்ன்தான் இன்னும் பேசமாட்டேன் என்கிறது.