இறுவட்டு அட்டையில் இல்லாத பெயர்கள்



எமது வானொலியின் பழைய பாடல் நிகழ்ச்சிக்குப் பாட்டுத் தெரிவு செய்வது சில ஆண்டுகளாக என் பங்கு. நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பட்டியல் நிரப்ப வேண்டும். பாட்டின் முதலடி, பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், எத்தனை நிமிடம் என்று வரிசையாகக் கட்டங்கள். நான் தொழிலால் கணக்காளன். வெறுங் கட்டம் கண்ணை உறுத்தும். அநேகமாக ஒவ்வொரு கிழமையும் வெறுமையாகக் கிடப்பது 'எழுதியவர்' என்ற கட்டம்தான். காரணம், நாம் பாட்டு எடுக்கும் தொகுப்பு இறுவட்டுகள்.

90களில் லாச்சப்பலுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு அவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போபூர் சென் டெனி வீதிக் கடைகளில் முருங்கைக்காய்க்கும் தொலைபேசி அட்டைக்கும் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். எம்.ஜி.ஆர். பாடல்கள், சிவாஜி பாடல்கள், தத்துவம், சோகம், தாலாட்டு என்று வகை வகையாக இருக்கும். முன்பக்கத்தில் கதாநாயகனின் முகம். பின்பக்கத்தில் பாட்டின் முதலடி, சிலவேளை படத்தின் பெயர். அவ்வளவுதான்.

இப்படித் தொகுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் இருந்தது 78 சுற்று இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடம், ஒரு பாட்டு. படத்தில் எட்டுப் பாட்டென்றால் நாலு தட்டு வாங்க வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு வசதியுள்ள வீடுகள் எத்தனை? தட்டுகளைப் பிரித்து, வேறு வேறு படங்களின் பாட்டுகளை ஒரு நூலில் கோத்து எங்களுக்குத் தந்தது வானொலி. 1952இல் பி.வி.கேஸ்கர் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறத்தாழ நின்றுபோனது. அந்த இடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிடித்துக்கொண்டது. 1957 ஒக்ரோபரில் விவித் பாரதி தொடங்கிய பிறகும் தமிழ்நாட்டு வீடுகள் பல கொழும்பையே கேட்டன. எஸ்.பி.மயில்வாகனத்தின் குரலை நம்மவர்களைவிட அங்குள்ளவர்கள் கூடுதலாகக் கொண்டாடினார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. பொங்கும் பூம்புனல், நீங்கள் கேட்டவை, இசையும் கதையும் எல்லாமே ஒருவகையில் தொகுப்புகள்தான். ஒரு வித்தியாசம், அங்கே பாட்டோடு பெயர்களைச் சொல்ல ஓர் அறிவிப்பாளர் இருந்தார்.

என் அப்பா அந்தப் பெயர்களை ஒரு கொப்பியில் குறித்து வைப்பார். படம், பாடியவர், இசை, இயற்றியவர் என்று கோடு போட்டு நாலு நிரல். கசற் வந்த பிறகு அந்தக் கொப்பியைப் பார்த்துப் பன்னிரண்டு பாட்டைத் தெரிந்து, யாழ்ப்பாணத்தில் றெக்கோர்டிங் பாரில் கொடுத்துப் பதிவு செய்து வருவார். பெட்டிக்குள் வைக்கும் அட்டையைத் தானே எழுதுவார். 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் அந்தக் கசற்றுகள் ஓடின. சுற்றுகிறவன் களைத்தால் சௌந்தரராஜனின் குரலும் களைக்கும். சுற்றியது பெரும்பாலும் நான்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கசற்றுகளும் கொப்பியும் வீட்டோடு போய்விட்டன. பாரிசுக்கு வந்த பின் ஒருநாள் என் சான்றிதழ்க் கோப்பைப் பிரித்தபோது, பல்கலைக்கழகத் தாள்களுக்கு நடுவில் அப்பாவின் கசற் அட்டை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பாட்டு, நாலு நிரல், பச்சை மை.

அந்த அட்டையை வைத்துத்தான் இறுவட்டுகளைச் சரிபார்க்கத் தொடங்கினேன். வரவுசெலவுப் புத்தகத்தைப் பற்றுச்சீட்டோடு ஒத்துப் பார்ப்பது போலத்தான். லாச்சப்பலில் நான் வாங்கிய ஒன்றில் பி.பி.ஸ்ரீனிவாஸின் பாட்டு ஏ.எம்.ராஜாவின் பெயரில் இருந்தது. இருவருமே ஜெமினி கணேசனுக்குப் பாடியவர்கள். அட்டையில் ஜெமினியின் படம் இருந்தால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

'கல்யாணப் பரிசு' பாட்டுகளைப் பாருங்கள். 1959இல் வந்த ஸ்ரீதரின் படம். தொகுப்புகளில் அவை ஏ.எம்.ராஜா பாடல்கள் அல்லது ஜெமினி பாடல்கள். ராஜா அந்தப் படத்தில் பாடியது மட்டுமல்ல, இசையமைத்ததும் அவரே. அதைக்கூடப் பல அட்டைகள் சொல்வதில்லை. எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படம் வந்த அதே ஆண்டு ஒக்ரோபரில், 29 வயதில் அவர் காலமானார். ராஜா மேலும் முப்பது ஆண்டு இருந்து 1989இல் வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்தார். அப்பாவின் அட்டையில் 'பட்டுக்கோட்டை' என்று அடிக்கோட்டோடு இருக்கிறது.

பாடகிகளின் நிலை இன்னொரு மாதிரி. பி.சுசீலாவுக்குத் தனித் தொகுப்புகள் உண்டு. ஜமுனாராணி போன்றோர் பிறருடைய தொகுப்பின் கடைசியில் ஒன்றிரண்டு பாட்டாக வருவார்கள். 1960இன் 'களத்தூர் கண்ணம்மா'வைச் சிறுவன் கமலஹாசனின் முதற் படம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிறுவனுக்குக் குரல் கொடுத்துப் பாடிய எம்.எஸ்.ராஜேஸ்வரி 2018இல் காலமானபோது, நிகழ்ச்சியில் அவர் பெயரைச் சொன்னதும் "அது பொம்பிளைக் குரலோ?" என்று ஒரு நேயர் கேட்டார்.

பழைய தட்டுகளில் பெரும்பங்கை வைத்திருந்த கம்பனி, நாய்ச் சின்னத்தால் நாம் அறிந்த எச்.எம்.வி., 2000இல் சரிகம என்று பெயர் மாறியது. இறுவட்டுக் காலமும் போய்விட்டது. கைத்தொலைபேசியில் கேட்கும் எங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பிப் பார்க்க ஓர் அட்டைகூட இல்லை. என் மகள் கேட்கிறாள், "அப்பா, இதை யார் எழுதினது?" அறிந்த பாட்டென்றால் சொல்லிவிடுவேன். அறியாதவை அந்தப் பன்னிரண்டுக்கு வெளியே நிறைய இருக்கின்றன.

அப்பாவின் அட்டையும் பிழை இல்லாததல்ல. ஒரு பாட்டை மருதகாசியிடமிருந்து எடுத்துக் கண்ணதாசனிடம் கொடுத்திருந்தார். அதை அப்படியே வாசித்துவிட்டேன். பாட்டு முடிய முன்னரே பொபினியிலிருந்து ஓர் அம்மா தொலைபேசி எடுத்துத் திருத்தினார். அவரிடமும் ஒரு கொப்பி இருக்கிறதாம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஏதும் இருக்கக்கூடும். கசற் அட்டை, பாட்டுக் கொப்பி, தட்டின் உறை, எதுவானாலும் சனிக்கிழமை மாலையில் நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் முன்னாலேயே பிரதி எடுத்துவிட்டுக் கையோடு திருப்பித் தருவேன். எழுத்து அழிந்திருந்தாலும் பரவாயில்லை.