ஹாத்தார்ன் அளந்த உப்பும் உடுவில் பள்ளிக்கூடமும்

மரக்காணம் உப்பளப் பக்கத்து ஆட்களுக்கு நதானியேல் ஹாத்தார்னை அறிமுகப்படுத்த ஒரு தகவல் போதும். எழுத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் 1839-ல் பாஸ்டன் சுங்க இலாகாவில் சேர்ந்தார். கப்பலில் வந்து இறங்கும் உப்பையும் நிலக்கரியையும் அளந்து கணக்கெழுதுவதுதான் உத்தியோகம்.

பிறந்தது 1804-ல், சேலத்தில். நம்ம சேலம் இல்லைங்க, மாசசூசெட்ஸ் சேலம். 1692-ல் அங்கே சூனியக்காரர்கள் என்று பழிசுமத்திப் பலரைத் தூக்கில் போட்டார்களே, அந்த வழக்குகளில் இவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஒரு நீதிபதி. ப்யூரிட்டன் ஊர்களில் ஒருத்தர் பாவம் ஊர்ப் பொது விவகாரம்.

1850-ல் வந்த 'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலே அதைப் பற்றித்தான். முறைதவறிக் குழந்தை பெற்றதாக ஹெஸ்டர் பிரின் மார்பில் சிவப்பு 'ஏ' எழுத்தோடு நடமாடணும் என்பது தண்டனை. அவளோ அதைப் பொன்னூலில் அழகாகத் தைத்துப் போட்டுக்கொள்கிறாள்! வருஷங்கள் போகப் போக, அவள் செய்யும் உதவிகளைப் பார்த்த ஊர்க்காரர்களே அந்த எழுத்துக்கு 'திறமைசாலி' என்று வேறு பொருள் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். குழந்தைக்குத் தகப்பனான பாதிரியார் மேல் ஊர் எந்த எழுத்தையும் மாட்டவில்லை.

ஹாத்தார்னுக்கு ஏழு வயசு இருக்கும்போது, 1812 பிப்ரவரியில், அதே சேலத்துத் தேவாலயம் ஒன்றில்தான் இந்தியாவுக்குக் கிளம்பிய முதல் அமெரிக்க மிஷனரிகளுக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். 1816-ல் அந்த மிஷன் யாழ்ப்பாணம் வந்தது. 1824-ல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி திறந்தது. ப்யூரிட்டன் சபைகளின் வழிவந்தவர்கள் இவர்கள். ஊர் நடுவே நிறுத்தித் தண்டிப்பதெல்லாம் அப்போதே பழங்கதை. மனசுக்குள் உணர்கிற பாவம், மனந்திரும்புதல் இதுதான் அவர்கள் கொண்டுவந்த பாடம்.

அந்த மண்ணில் 1914-ல் மங்களநாயகம் தம்பையா எழுதிய நாவல் 'நொறுங்குண்ட இருதயம்'. தலைப்பு 51-ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்தது. தாவீது தன் பாவத்துக்காக அழுத பாட்டு அது. அதாவது, நொறுங்க வேண்டியது தப்பு செய்தவன் இருதயம். நாவலில் தப்பு செய்பவன் கணவன் அருளப்பா. முதலில் நொறுங்குவது மனைவி கண்மணி. இந்த இடத்தில்தான் எனக்கு இடிக்குது. ஹெஸ்டர் தன் எழுத்தின் பொருளையே மாத்திடறா, கண்மணிக்குக் கிடைப்பது பொறுமை மட்டும். ஆனாலும், வேதத்தை வைத்துக்கொண்டே ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையை அச்சேற்றியது ஒரு தமிழ்ப் பெண். அருளப்பா சட்டையிலும் ஊர் ஒரு எழுத்தும் தைக்கலை. அவன் பேரைப் போட்டுக் கதையில் எழுதி வைத்தது அவர்தான்.