அஃபிலியேட் மார்க்கெட்டிங்: லிங்க் அனுப்பினா காசு வருமா? புதிதாக இறங்குவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"செல்போன் இருந்தா போதும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்க்காமல் இன்று யாரும் ரீல்ஸ் பார்த்து முடிக்க முடியாது. அந்த விளம்பரங்களில் அடிக்கடி அடிபடும் பெயர் 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்'. சிலர் இதில் உண்மையாகவே சம்பாதிக்கிறார்கள். இதே பெயரைச் சொல்லிப் பலரிடம் பணம் பறிக்கப்படுவதும் நடக்கிறது. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூர் போன்ற சிறிய ஊரில் இருப்பவருக்கு இதில் இடம் இருக்கிறதா? விரிவாகப் பார்க்கலாம்.

அப்படின்னா என்ன?

சுருக்கமாகச் சொன்னால் தரகு. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் மாட்டையும் வாங்குவதில்லை, விற்பதும் இல்லை. வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்கிறார். அஃபிலியேட் மார்க்கெட்டிங்கும் அதேதான். பொருள் உங்களுடையது அல்ல. பணம் வாங்குவது, பார்சல் அனுப்புவது, திருப்பி எடுப்பது எல்லாம் விற்கும் நிறுவனத்தின் வேலை. நீங்கள் பகிர்ந்த லிங்க் வழியாக ஒருவர் போய் அந்தப் பொருளை வாங்கினால், விலையில் ஒரு சதவீதம் உங்களுக்குக் கமிஷன். வாங்குபவருக்கு இதனால் விலை கூடாது.

இது புதிய விஷயமும் இல்லை. அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் 1996-லேயே இந்தத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 2013-ல் இந்தியாவுக்கு வந்தபோது இங்கேயும் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ஃபிளிப்கார்ட், மிந்த்ராவுடன் சேர்ந்து யூடியூபும் இந்தியாவில் இதே மாதிரி திட்டத்தைத் தொடங்கியது. டெலிகிராமில் 'இன்றைய அதிரடி ஆஃபர்' என்று நாள் முழுக்க லிங்க் போடும் தமிழ் சேனல்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பொதுச்சேவையாக அதைச் செய்யவில்லை. பெரும்பாலும் அவை அஃபிலியேட் லிங்க்தான்.

என் லிங்க்ல வாங்கினாங்கன்னு எப்படித் தெரியும்?

திட்டத்தில் சேர்ந்ததும் உங்களுக்கென்று ஒரு அடையாளக் குறியீடு தருவார்கள். நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு லிங்க்கிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் அதைத் தொட்டதும் அவருடைய பிரவுசரில் 'குக்கி' எனப்படும் சிறு குறிப்பு பதிவாகும். அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு. அமேசானில் அது 24 மணி நேரம். இன்று லிங்க்கைத் தொட்டுவிட்டு, "சம்பளம் வரட்டும்" என்று அடுத்த வாரம் நேரடியாகப் போய் வாங்கினால் உங்களுக்கு எதுவும் வராது. நடுவில் வேறொருவரின் லிங்க்கைத் தொட்டிருந்தால் கமிஷன் அவருக்குத்தான் போகும்.

இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. நீங்கள் காட்டிய பொருளை வாங்காமல், அதே 24 மணி நேரத்துக்குள் அங்கே வேறு பொருளை வாங்கினாலும் பெரும்பாலும் அது உங்கள் கணக்கில்தான் சேரும்.

எவ்வளவு கிடைக்கும்?

விளம்பரங்கள் மறைப்பது இந்த இடத்தைத்தான். கமிஷன் எல்லாப் பொருளுக்கும் ஒன்று கிடையாது. செல்போன் போன்ற பொருள்களுக்கு மிகக் குறைவு. ஆடை, வீட்டு உபயோகப் பொருள், அழகு சாதனம் போன்றவற்றுக்குக் கூடுதல். இந்த விகிதத்தை நிறுவனங்கள் முன்னறிவிப்போடு மாற்றிக்கொண்டே இருக்கும். 30 ஆயிரம் ரூபாய் போன் ஒன்று விற்றால் பெரிய தொகை வரும் என்று நினைத்து இறங்கியவர்கள் முதல் மாத அறிக்கையைப் பார்த்ததும் சோர்ந்துபோவது இதனால்தான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீங்கள் போட்ட வீடியோவை 1,000 பேர் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 பேர் லிங்க்கைத் தொடுகிறார்கள், 2 பேர் வாங்குகிறார்கள். பொருளின் விலை 1,200 ரூபாய், கமிஷன் 5 சதவீதம் என்றால் ஒரு விற்பனைக்கு 60 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 120. ஒருவர் "பிடிக்கல" என்று பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் 60 ரூபாய் போச்சு.

மீதி 60 ரூபாயும் உடனே கைக்கு வராது. பொருள் திரும்பி வருமா என்று பார்க்க நிறுவனங்கள் அவகாசம் எடுத்துக்கொள்ளும். அமேசானில் மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் அந்த மாதக் கமிஷன் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவும் குறைந்தபட்சத் தொகையான 1,000 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். அதாவது கார்த்திகையில் விற்றதற்குக் காசு வர மாசி ஆகிவிடும். முதல் ஆறு மாதம் செல்போன் ரீசார்ஜ் செலவுக்காவது வந்தால் நல்ல தொடக்கம் என்றே எடுத்துக்கொள்ளலாம். படிப்பையோ கையில் இருக்கும் வேலையையோ விட்டுவிட்டு இதில் குதிப்பதை யார் சொன்னாலும் கேட்கக்கூடாது.

கீழ்பென்னாத்தூரில் இருந்து என்ன செய்யலாம்?

புதிதாக வருகிற பலரும் செய்கிற தவறு, சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பெரிய யூடியூபர்களோடு போட்டி போட்டு செல்போன் விமர்சனம் செய்வது. அங்கே கூட்டம் அதிகம், கமிஷனும் குறைவு. ஊரில் இருப்பவருக்குத் தெரிந்தது வேறு. அதைத்தான் முதலாக்க வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை முக்கியமான மானாவாரிப் பயிர். இந்தப் பக்கம் யாரும் அதை நிலக்கடலை என்று சொல்வதில்லை, 'மல்லாட்டை' என்றுதான் சொல்வார்கள். பேட்டரி தெளிப்பான் எது ஒரு சார்ஜில் எவ்வளவு நேரம் ஓடும், தார்ப்பாய் எத்தனை கனம் இருந்தால் வெயிலில் கிழியாது, கைக் களையெடுப்பான் மேட்டு நிலத்தில் சரியாக வருமா போன்ற கேள்விகளுக்குத் தெளிவான தமிழில் பதில் சொல்கிற வீடியோக்கள் குறைவு. நிலத்தில் இறங்கி, பயன்படுத்திக் காட்டி, "இது எங்க மல்லாட்டைக் காட்டுல அடிச்சுப் பார்த்தது" என்று சொல்பவரை விவசாயிகள் நம்புவார்கள். தலைப்பில் மல்லாட்டை, நிலக்கடலை, வேர்க்கடலை என்று மூன்று சொல்லையும் போட்டால் எந்தச் சொல்லைத் தேடி வருபவருக்கும் வீடியோ கண்ணில் படும்.

இன்னொரு வாய்ப்பு கிரிவலம். புதுச்சேரி, திண்டிவனம், செஞ்சி பக்கமிருந்து அண்ணாமலையாரைப் பார்க்க வருபவர்கள் கீழ்பென்னாத்தூர் வழியாகத்தான் போகிறார்கள். 14 கிலோமீட்டர் பாதை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம், கார்த்திகை தீபத்துக்கு அறையே கிடைக்காத நிலை. எந்த நேரத்தில் தொடங்கினால் கூட்டம் குறைவு, வயதானவர்களுக்கு எங்கே உட்கார இடம் இருக்கும், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்கு அத்துப்படி. அதை எழுதி, அறை முன்பதிவு தளங்களின் அஃபிலியேட் லிங்க்கைச் சேர்க்கலாம். ஆரணிப் பட்டும் இதே மாவட்டத்தின் பெயர்பெற்ற பொருள்தான். அசல் பட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லித்தரத் தெரிந்தவர்களுக்கு அதிலும் ஆள் கூடும்.

எப்படித் தொடங்குவது?

சேருவதற்குக் கட்டணம் இல்லை. இதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மோசடி பற்றிப் பேசும்போது மறுபடி வரும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பான் அட்டையும் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும். கூடவே நீங்கள் எங்கே லிங்க் போடப்போகிறீர்கள் என்பதைக் காட்ட யூடியூப் சேனலோ, இன்ஸ்டாகிராம் பக்கமோ, இணையதளமோ இருக்க வேண்டும். கையில் காசு இல்லாதவர்கள் கூகுளின் பிளாகரில் இலவசமாகவே தமிழில் எழுதலாம்.

வெறும் பக்கத்தைக் காட்டினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். பத்துப் பதினைந்து பதிவுகளாவது சொந்தமாக எழுதிவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. அமேசானில் சேர்ந்து 180 நாட்களுக்குள் 3 விற்பனையாவது நடக்கவில்லை என்றால் கணக்கு மூடப்படும். மூடினால் மறுபடி விண்ணப்பிக்கலாம், அதில் ஒன்றும் கெட்டுப்போகாது.

கணக்கு மூடப்படுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. சொந்த லிங்க்கில் தானே வாங்கிக் கமிஷன் எடுக்கப் பார்ப்பது, மின்னஞ்சலிலும் அச்சடித்த நோட்டீஸிலும் லிங்க்கைப் போடுவது, நிறுவனத்தின் படங்களை அனுமதியில்லாமல் எடுத்துப் போடுவது ஆகியவை அமேசான் விதிகளுக்கு எதிரானவை. வாட்ஸ்அப் குழுவில் பகிரலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விதிமுறைப் பக்கம் ஆங்கிலத்தில் நீளமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஒருமுறை உட்கார்ந்து படிக்காமல் ஐந்து மாத உழைப்பை ஒரே நாளில் இழந்தால் யாரிடமும் போய் முறையிட முடியாது.

காசு வருதுன்னு சொல்லணுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அந்த நிறுவனத்துக்கும் பணத் தொடர்பு இருந்தால், பார்ப்பவருக்குப் புரியும் மொழியில், கண்ணில் படும் இடத்தில் அதைச் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளித்துவைப்பது செல்லாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

"இந்த லிங்க்கில் வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும்" என்று ஒரு வரி போட்டால் போதும். இதைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று பயப்படுபவர்கள் உண்டு. சிறிய ஊரில் நிலைமை நேர்மாறானது. மட்டமான தெளிப்பானை நல்லது என்று சொல்லி விற்றுவிட்டு, மறுநாள் வாரச்சந்தையில் அதே ஆளை நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும்.

எது மோசடி?

அஃபிலியேட்டில் பொருள் விற்றால் மட்டும்தான் காசு. ஆள் சேர்த்தால் காசு என்றால் அது அஃபிலியேட் அல்ல, சங்கிலித் திட்டம். 1978-ம் ஆண்டு பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின் கீழ் இது குற்றம். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிடு திட்டங்களைத் தடை செய்கின்றன.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு கோவை 'மை வி3 ஆட்ஸ்' விவகாரம் ஓர் எடுத்துக்காட்டு. செயலியில் விளம்பரம் பார்த்தால் வருமானம், அதற்கு முன் கட்டணம் கட்டி உறுப்பினராக வேண்டும், ஆள் சேர்த்தால் கூடுதல் வருமானம் என்பது அதன் நடைமுறை. போலீசார் வழக்குப் பதிவு செய்த பிறகு, 2024 ஜனவரி 29-ம் தேதி ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் கோவை நீலாம்பூரில் திரண்டார்கள். நிறுவனத்துக்கு எதிராக அல்ல, ஆதரவாக. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. போட்ட பணம் வந்துகொண்டிருக்கும்வரை இது போன்ற திட்டங்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் சிக்கலே.

இப்போது பரவலாக நடப்பது இரண்டு வகை. முதல் வகையில் "அஃபிலியேட் மார்க்கெட்டிங் கற்றுத்தருகிறோம்" என்று சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பயிற்சி வகுப்பை விற்பார்கள். உள்ளே போனால், அதே வகுப்பை அடுத்தவருக்கு விற்பதுதான் வேலை. கல்லூரிப் பிள்ளைகள் முதலில் அக்கா, மாமா, வகுப்புத் தோழர் என்று தெரிந்தவர்களைச் சேர்த்துவிட்டு, பிறகு உறவும் போய்ப் பணமும் போய் நிற்கிறார்கள். இரண்டாவது வகை டெலிகிராம் 'டாஸ்க்'. வீடியோவுக்கு லைக் போட்டால், ஹோட்டலுக்கு ரிவ்யூ எழுதினால் என்று முதலில் 150, 200 ரூபாய் உண்மையாகவே போடுவார்கள். நம்பிக்கை வந்ததும் "5,000 கட்டினால் 7,000" என்று தொடங்கும். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும், எடுக்கப்போனால் 'வரி கட்டுங்கள்' என்பார்கள். உண்மையான எந்த அஃபிலியேட் நிறுவனமும் உங்களிடம் பணம் கேட்காது.

வரி உண்டா?

கமிஷன் வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒரு நிறுவனம் தரும் கமிஷன் 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது.

பணத்தை ஏற்கெனவே ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தகவல் போனால், அதை வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. அழைக்கும்போது பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், தேதி, நேரம், எதிராளியின் யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்கட்டும். டெலிகிராம் உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது அவசியம். அவர்கள் பக்கமிருந்தே அதை அழித்துவிட முடியும்.