கிறித்துவ சமயத்தில் உயிரின் தோற்றம்

எடப்பாடி, தாரமங்கலம் முதலிய ஊர்கள் கெட்டி முதலியார் ஆட்சியில் நின்ற பதினேழாம் நூற்றாண்டில், காவியுடுத்த ஐரோப்பியத் துறவி யொருவர் அவற்றிற்குக் கிழக்கே சேலம், சேந்தமங்கலம் பக்கங்களிற் சஞ்சரித்தார். 1606-இல் மதுரையை யடைந்த இராபர்ட் டி நொபிலி என்னும் இயேசு சபைக் குரவரே அவர். பூணூலும் குடுமியும் சந்தனமும் அவர் சமயத்திற் சேர்ந்தார்க்கு ஆகுமா என்ற வழக்கு உரோமாபுரி வரை சென்று, 1623-இல் போப்பு பதினைந்தாம் கிரகோரியாரால் ஆகும் என முடிந்தது. கோலத்தில் இத்துணை இணங்கியவர் உயிரைப் பற்றிய கொள்கையில் அணுவளவும் இணங்கிலர். அவரியற்றிய 'புனர்ஜன்ம ஆட்சேபம்' மறுபிறப்பை மறுக்கவே எழுந்த நூல்.

இத்துணிபு அச்சமயத்தில் தொடக்கந்தொட்டே உள்ளதன்று. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து ஓரிசன் என்னும் பேராசிரியர், உயிர்கள் உடம்பொடு கூடுமுன்னரே இருந்தன வென்றும், இறைவன்பால் அன்பு தணிந்து வீழ்ந்தமையால் உடம்பெடுத்தன வென்றும் உரைத்தார். பிறப்பிற் காணும் ஏற்றத்தாழ்வுக்கு முன்னைச் செயலே காரணம்; அன்றேல் இறைவன் நடுநிலை பிழைபடும் என்பது அவர் வாதம். வினைக்கொள்கை கற்றார்க்கு இது கேட்ட குரலே போலும்.

இதுகொண்டு, ஓரிசன் மறுபிறப்பை ஓதினார், சபையார் அதனை மறைத்தனர் என்று நம்மவரிற் சிலர் கூறுவர். அது பொருந்தாது. எலியாவின் உயிரே யோவானாய்ப் பிறந்தது என்பாரை அவர் மத்தேயு உரையில் தெளிவாக மறுத்துள்ளார். அவர் கூறிய உயிர் உடம்பிற்கு முந்தியதேனும் இறைவனாற் படைப்புண்டதே. சித்தாந்தங் கூறும் அநாதிப் பசு அன்று. பிறர் நூலிலிருந்து சான்று தேடுவார் அந்நூலை முழுதும் நோக்குதல் வேண்டும்.

அவர் மறைந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகட்குப்பின், பாலத்தீனத்து மடங்களில் அவர் கொள்கை பற்றிப் பூசல் மூண்டது. சஸ்டினியன் என்னும் பேரரசன் 543-இல் ஆணை பிறப்பித்து அக்கொள்கையைக் கடிந்தான். 553-இல் கான்ஸ்டாண்டிநோபிளிற் கூடிய சங்கமும் விலக்குண்டார் வரிசையில் ஓரிசன் பெயரைச் சேர்த்தது. மேலைநாட்டிலோ, அகஸ்டின் என்னும் பெரியார் உயிர் வந்த வழி இன்னதென்று இறுதிவரை துணியாமலே மறைந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்பார், ஒவ்வோர் உடம்பிற்கும் ஒவ்வோர் உயிர் புதிதாகப் படைக்கப்படும் என வகுத்துரைத்தார். உரோமையிற் கற்ற நொபிலி கொணர்ந்தது இம்முடிபே.

ஆத்துமா என்னும் சொல்லை அவர் நம்மவரிடம் பெற்றார். அநாதி என்னும் அடையை மட்டும் விட்டு விட்டார்.