கடைசியாக வந்த 67ஆம் இலக்கம்

 

பலாங்கொடைப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் மரதன் ஓட்டம்தான் ஊரையே வீதிக்கு அழைத்து வரும். முதலாவதாக வரும் பிள்ளையைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். கடைசியாக வரும் பிள்ளையைப் பற்றிப் பேசவே இந்தப் பதிவு. அதற்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்ட வேண்டும்.

1964 ஒக்டோபர் 14. டோக்கியோ ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் இறுதிப் போட்டி. 400 மீற்றர் பாதையை 25 தடவை சுற்ற வேண்டும். உலக சாதனை வைத்திருந்த அவுஸ்திரேலியாவின் றொன் கிளார்க்தான் வெல்வார் என்று பலரும் நினைத்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் நெருக்குப்பட்டு வெளியே தள்ளப்பட்டார் அமெரிக்கப் பழங்குடி இளைஞர் பில்லி மில்ஸ். பன்னிரண்டு வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தவர். பின்தங்கியவர் மீண்டும் பாய்ந்து வந்து 28 நிமிடம் 24.4 விநாடியில் வென்றார். தூனிசியாவின் முஹம்மத் கம்மூதி இரண்டாமிடம், கிளார்க் மூன்றாமிடம். அரங்கமே அதிர்ந்தது.

ஆனால் ஓட்டம் முடியவில்லை. 67ஆம் இலக்கம் அணிந்த ஒருவர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். அவர் நம் நாட்டு இராணுவ வீரர் ரணதுங்க கருணானந்த.

மற்ற எல்லோரும் முடித்துவிட்டார்கள். பாதையில் அவர் மட்டும். முதலில் சனங்கள் சிரித்தார்கள், கூச்சலிட்டார்கள். அவர் ஓடினார். அடுத்த சுற்றில் சிரிப்பு அடங்கியது. கடைசிச் சுற்றில், வென்றவருக்குக் கைதட்டியது போலவே இவருக்கும் கைதட்டினார்கள். அவர் எடுத்த நேரம் 34 நிமிடம் 21.2 விநாடி. முதலாமவர் வந்து ஏறக்குறைய ஆறு நிமிடம் கழித்து வந்து சேர்ந்தார்.

அவர் ஒதுங்கியிருக்கலாம். அதே ஓட்டத்தில் பலர் நடுவில் விலகிக்கொண்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. பங்குபற்ற வந்தேன், பங்குபற்றி முடித்தேன் என்ற கருத்தில்தான் அவர் பிறகு பேசினார். ஜப்பானியர்கள் இந்தச் சம்பவத்தைத் தங்கள் பாடசாலைப் பாடப்புத்தகத்தில் சேர்த்தார்கள். அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இவரைப் படித்து வளர்ந்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

நான்கு வருடங்களுக்குப் பிறகு, 1968இல், மெக்சிகோ ஒலிம்பிக் மரதனிலும் இப்படி ஒரு காட்சி. தன்சானியாவின் ஜோன் ஸ்டீபன் அக்வாரி வழியில் விழுந்து முழங்காலில் அடிபட்டார். கட்டுப் போட்ட காலோடு, முதலாமவர் வந்து ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் கழித்து, இருட்டிய பிறகு கடைசியாக அரங்கத்துக்குள் வந்தார். ஓட்டத்தை முடித்தார்.

நெடுந்தூரம் ஓடுபவர்கள் 25 சுற்றையும் ஒரேயடியாக நினைப்பதில்லை. இந்தச் சுற்று, அடுத்த வளைவு, அவ்வளவுதான். நம் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மாலையில் நிறுக்கப்போகும் கிலோவை நினைத்துக் காலையிலேயே அவர்கள் மலைத்து நின்றால் வேலை நடக்காது. பிடித்த நிரையை முடித்துவிட்டு அடுத்த நிரைக்குப் போகிறார்கள். அந்தத் தாயின் பிள்ளைதான் லயத்திலிருந்து மலை இறங்கி நம் வகுப்புக்கு வருகிறான். மன உறுதி அவனிடம் ஏற்கனவே இருக்கிறது. அதை உடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

அதை நாங்களே ஒரு தடவை உடைத்தோம். சில வருடங்களுக்கு முன் எங்கள் பாடசாலை மரதனில் ஒரு பிள்ளை வெகுவாகப் பின்தங்கிவிட்டான். வெயில் ஏறிவிட்டது, பரிசளிப்புக்கு நேரமாகிவிட்டது. ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு முச்சக்கர வண்டியை அனுப்பி அவனை ஏற்றிவரச் சொன்னோம். அவனுக்கு மயக்கமும் இல்லை, காயமும் இல்லை. "சேர், நான் ஓடி வாறேன்" என்றானாம். நாங்கள் விடவில்லை. தலை குனிந்தபடி வந்து இறங்கினான். சில பிள்ளைகள் சிரித்தார்கள், நாங்கள் அதட்டவுமில்லை. அடுத்த வருடம் அவன் பெயர் கொடுக்கவில்லை. அவனுடைய கடைசி ஒரு மைலை நாங்கள்தான் பறித்துக்கொண்டோம். இன்றும் அது உறுத்துகிறது.

சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளிலும் இதேதான் நடக்கிறது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தை எல்லோரும் பகிர்கிறோம். கணிதத்தில் தவறிவிட்டு இரண்டாம் தடவை எழுத உட்காரும் பிள்ளையிடம் "இன்னுமா?" என்று கேட்கிறோம். அவனும் 67ஆம் இலக்கம்தான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த முறை மரதன் பார்க்க வருபவர்கள் முதல் மூன்று பேர் வந்ததும் கலைந்து போகாதீர்கள். சுகமில்லாத பிள்ளையை வண்டியில் ஏற்றுவோம். ஓட முடிந்த பிள்ளையை ஓட விடுவோம். கடைசிப் பிள்ளை கோட்டைத் தாண்டிய பிறகுதான் பரிசளிப்புத் தொடங்கும் என்று எங்கள் பாடசாலையில் முடிவெடுத்திருக்கிறோம். நீங்களும் வாருங்கள். எழுந்து நின்று கைதட்டுவோம், இன்ஷா அல்லாஹ்.